தூண்டில் சங்கமும் நம்மூர் ஆறும்: பேராக் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து ஆறுகளில் டிரௌட் பருவம் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் முதல் சனிக்கிழமை திறக்கிறது. ஜூன் மாதம் மன்னர் பிறந்தநாள் விடுமுறையோடு மூடிவிடுகிறது. இடையில் வரும் குளிர்மாதங்கள் மீன் முட்டையிடும் காலம். அப்போது ஆற்றில் டிரௌட்டுக்கு யாரும் தூண்டில் போடக்கூடாது. மெல்பர்ன் வட்டாரத்து ஈத்தூண்டில் சங்கங்களின் ஆண்டு முழுவதும் இந்தக் கணக்கின்படியே ஓடுகிறது. கோடையில் ஆற்றுப் பயணம், குளிரில் ஈ கட்டும் இரவுகள், ஆண்டு முழுதும் புல்வெளியில் வீச்சுப் பயிற்சி. பேராக்கில் பால்மரத் தோட்டத்தில் பிறந்து, பிழைப்புக்காக அந்த ஊருக்குப் போய், அப்படி ஒரு சங்கத்தில் உறுப்பினரான ஒருவர் ஈப்போவுக்கும் சுற்று வட்டாரத்துக்கும் எழுதும் மடல் இது.

ஃபிளை ஃபிஷிங் என்னும் ஈத்தூண்டிலில் புழு இல்லை, மிதவை இல்லை, ஈயக்குண்டும் இல்லை. தோட்டத்துப் பிள்ளைகள் அல்லூரில் போட்ட தூண்டிலில் குண்டின் கனம் கயிற்றை இழுத்துக்கொண்டு போகும். ஈத்தூண்டிலில் கயிறுதான் கனம். தடித்த மேல்பூச்சுக் கயிற்றின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நைலான் இழை, அதன் நுனியில் நூலும் இறகும் சுற்றிய ஒரு சிறு முள். அது பூச்சி போல இருக்கும், கனம் இருக்காது. ஏறக்குறைய 9 அடிக் கழியைப் பின்னால் வீசி, கயிறு முதுகுக்குப் பின்னே முழுதாக நீளும்வரை பொறுத்து, பிறகு முன்னால் வீச வேண்டும். புதிதாக வருபவர்கள் எல்லாரும் தடுமாறுவது அந்தப் பொறுத்தலில்தான். கழிகளுக்கு எண் உண்டு. டிரௌட்டுக்கு 5ஆம் எண் போதும். தோமான் போன்ற முரட்டு மீனுக்கு 8ஆவது வேண்டும்.

சங்கத்தில் சேர்ந்தவரை யாரும் முதல் நாளே ஆற்றுக்கு அழைத்துப் போவதில்லை. புல்வெளியில் நிறுத்துகிறார்கள். முள்ளுக்குப் பதிலாக ஒரு துண்டு கம்பளி நூலைக் கட்டிக் கொடுக்கிறார்கள். எதிரே ஒரு வளையத்தை வைத்து அதற்குள் நூல் விழும்வரை வீசச் சொல்கிறார்கள். மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று மணிக்கட்டைப் பிடித்துத் திருத்துவார். கூலி கிடையாது. அவருக்கும் ஒரு காலத்தில் யாரோ அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

குளிர்கால இரவுகளில் மேசைக்கு மேசை சிறு கிடுக்கிகளை மாட்டி ஈ கட்டுகிறார்கள். சேவல் கழுத்து இறகுதான் முக்கியச் சரக்கு. நீரில் மூழ்காமல் மிதக்கும் ஈக்கு விறைப்பான இறகு தேவை; இந்தியச் சேவல்களின் கழுத்து இறகை உலகமெங்கும் ஈ கட்டுபவர்கள் பல தலைமுறையாக வாங்கி வந்திருக்கிறார்கள். எந்த ஈயைக் கட்டுவது என்று முடிவு செய்ய, ஆற்றில் அந்த மாதம் எந்தப் பூச்சி இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஆகவே உறுப்பினர்கள் கல்லைப் புரட்டிப் பார்க்கிறார்கள். மேஃபிளை, ஸ்டோன்ஃபிளை, கேடிஸ் ஆகியவற்றின் குஞ்சுகள் பிராணவாயு நிறைந்த சுத்தமான தண்ணீரில்தான் செழிக்கும். கல்லுக்கடியில் அவை இல்லாமல் போனால் மேலே ஏதோ கலக்கிறது என்று பொருள். ஆய்வுக்கூடத்துக்குத் தண்ணீர் போய்ச் சேருமுன்பே தூண்டில்காரருக்கு அது தெரிந்துவிடும். விக்டோரியாவில் மீன்பிடி உரிமத்துக்குச் செலுத்தும் பணம் சட்டப்படி தனி அறக்கணக்கில் சேர்ந்து மீன்பிடித் துறைக்கே திரும்புகிறது. மீன் விடுவது, கரையில் மரம் நடுவது, பாதை போடுவது எல்லாவற்றிலும் சங்கத்தின் குரல் கேட்கிறது.

இந்தக் கூட்டத்தில் லோரி ஓட்டுநர் உண்டு, தாதி உண்டு, ஓய்வு பெற்ற ஆசிரியர் உண்டு. ஆற்றங்கரையில் கூடாரம் அடிக்கும் இரவில் அவரவர் கொண்டுவந்ததைப் பகிர்ந்து சாப்பிடுகிறார்கள். பேராக்காரரின் நெத்திலிச் சம்பலுக்கு அங்கே தனி வரவேற்பு உண்டு. தோட்ட லயத்தில் வளர்ந்த ஒருவர் வேற்று நாட்டு ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, தானே கட்டிய ஈயால் மீன் பிடித்து, கையை நனைத்துக்கொண்டு, முள்ளைக் கழற்றி, மீனைத் தண்ணீருக்குள்ளேயே விடுவிக்கிறார். அதில் அவருக்குப் பெருமை உண்டு. அதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

இது துரைமார் விளையாட்டு என்று ஊரில் சொல்லப்படுவதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. தமிழர் வேர்வை சிந்திய மலைகள் பலவற்றில் வெள்ளைக்காரர்கள் டிரௌட்டைக் கொண்டுவந்து விட்டார்கள். நீலகிரியில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் என்பவர் அந்த மீனை நிலைநிறுத்தினார். அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. இலங்கையின் நுவரெலியாவிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் சிலோன் ஃபிஷிங் கிளப் ஆற்றைப் பார்த்துக்கொண்டது. மூணாறில் ஹை ரேஞ்ச் ஆங்லிங் அசோசியேஷன். எல்லா இடத்திலும் கழி பிடித்தவர் தோட்டத்துரை. கூடை சுமந்து கரையில் காத்திருந்தவர் தேயிலைத் தோட்டத்துத் தமிழர். துரை கப்பலேறிப் போய்விட்டார், ஆறு அங்கேயே ஓடுகிறது. விளையாட்டை மட்டும் இன்னமும் அவர் கணக்கிலேயே எழுதி வைப்பது நியாயமில்லை.

ஆஸ்திரேலியாவிலும் டிரௌட் மண்ணின் மீன் அன்று. 1864இல் நார்ஃபோக் என்னும் கப்பலில், பாசிக்குள் பொதிந்து பனிக்கட்டியில் அடுக்கிய முட்டைகளாக அது இங்கிலாந்திலிருந்து வந்தது. டாஸ்மேனியாவில் பிளெண்டி ஆற்றங்கரைக் குட்டைகளில் அந்த ஆண்டு மே மாதம் குஞ்சு பொரித்தது. வந்தேறி மீன், மண்ணின் சிறு மீன்களான கேலக்ஸியாஸ் இனங்களைப் பல ஓடைகளில் தின்று ஒழித்தது என்பதும் உண்மை. அங்கே அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. கப்பலில் வந்த ஒரு மீனுக்காக ஒரு சமூகம் இத்தனை சங்கம், இத்தனை சட்டம், இத்தனை சனிக்கிழமைகளைச் செலவிடுகிறது. பேராக்கில் இருப்பதோ மண்ணிலேயே பிறந்த மீன்.

கெலா அதில் முதலாவது. இமயமலை ஆறுகளிலும் காவிரியிலும் உள்ள மஹ்சீர் இனங்களின் உறவு. பெரிய செதில், முரட்டு வாய், பாறை நடுவே ஓடும் தெளிந்த நீர்தான் அதன் இருப்பிடம். 2007இல் மாநிலப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட ரோயல் பெலும் காட்டின் 117,500 ஹெக்டருக்குள் அதற்குப் பாதுகாப்பு இருக்கிறது. செம்பனைப் பழத்துக்குக் கெலா வரும் என்பது பேராக்கில் தூண்டில் பிடித்த எவருக்கும் தெரியும். அதே செந்நிறத்தில் மயிராலும் நூலாலும் ஒரு பழத்தைக் கட்டிவிடலாம். தெமெங்கோர் ஏரியில் செபாராவ் சின்ன மீனைத் துரத்தி மேலே பாயும். வெள்ளி இறகு ஈயைக் கண்டால் விடாது.

தோமானைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். குஞ்சு பொரித்தபின் தாயும் தகப்பனும் சேர்ந்து அந்தக் கூட்டத்தைக் காவல் காக்கும். குஞ்சுகள் மூச்சுவிட ஒன்றாக மேலே வரும்போது தண்ணீர் மழைத்துளி விழுந்ததுபோல் பொரியும். கீழே பெற்றோர் நிற்கின்றன என்று அதிலிருந்தே தெரிந்துவிடும். அந்த இடத்தில் போட்டால் கோபத்திலேயே கவ்வும். பிடிப்பது சுலபம் என்பதால்தான் அது தவறு. பெற்றோரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் சற்று நேரத்தில் மற்ற மீன்கள் குஞ்சுகளை முடித்துவிடும். சங்கம் என்று ஒன்று இருக்கும் ஊரில் இதை ஒரு மூத்தவர் பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்.

பழைய ஈயச்சுரங்கக் குட்டைகளிலும் வந்தேறி மீன்கள் நிறைந்துவிட்டன. பீக்கோக் பாஸ் என்னும் தென்னமெரிக்க மீனை யாரோ கொண்டுவந்து விட, அது பத்து காஜா, கம்பார் பக்கத்துக் குட்டைகளில் பெருகிவிட்டது. அதை விடுவிக்க வேண்டியதில்லை. பிடித்துக் குழம்பு வைக்கலாம். எதை விடுவது, எதைத் தின்பது என்று ஊரே கூடி முடிவெடுப்பதும் சங்கத்தின் வேலைதான்.

இதற்கு வெள்ளைக்கார முன்மாதிரியைத் தேட வேண்டியதில்லை. சபாவில் கடசான்டூசுன் கிராமங்கள் தாகால் என்னும் முறையில் ஆற்றைப் பங்கிட்டுக் காக்கின்றன. சிவப்புப் பகுதியில் யாரும் மீன் பிடிப்பதில்லை. மஞ்சள் பகுதியில் கிராமம் குறித்த நாளில்தான் பிடிப்பார்கள். மீறியவருக்குக் கிராமமே தண்டம் போடும். 2003ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு அரசின் துணையையும் தந்தது. தீபகற்பத்திலும் மின்சாரம் பாய்ச்சுவதும் நஞ்சு கலப்பதும் வெடி போடுவதும் 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கிறது. ஆற்றைத் தன்னுடையதாக நினைக்கும் ஊர் இருந்தால்தான் அது செல்லும்.

அண்மையில் விடுமுறைக்கு வந்த அந்தப் பேராக்காரர் கழிகளையும் கம்பளி நூலையும் கொண்டு வந்திருந்தார். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் திடலை ஒரு மாலை மட்டும் கேட்டார். முள் இல்லை, தண்ணீர் இல்லை, புல்தரையில் பிள்ளைகளுக்கு வீச்சுப் பழக்குவது மட்டுமே. கேட்டவருக்குக் கிடைத்த பதில்: மீன் பிடிக்கக் கற்றுக் கொடுக்கவா பள்ளிக்கூடம்? பிள்ளை தண்ணீர்ப் பக்கம் போய் ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு?

ஒரு திடல், ஒரு மாலை. பெரிய விஷயம் அல்ல என்று விட்டிருக்கலாம். விட முடியவில்லை. காரணம், அந்தப் பதில் ஒரு பள்ளியின் பதில் அன்று, ஒரு சமூகத்தின் பதில். தைப்பூசத்தன்று புந்தோங் சுங்கை பாரி மாரியம்மன் கோயிலிலிருந்து கல்லுமலைக் கோயில்வரை ஆயிரமாயிரம் பேரை நடத்திக்கொண்டு போகத் தெரிந்த சமூகம் இது. தண்ணீர்ப் பந்தல், அன்னதானம், காவடி வரிசை, தொண்டர் படை, வசூல் கணக்கு, நன்றி மடல் எல்லாம் ஒழுங்காக நடக்கும். பந்து விளையாட்டுக்குத் தோட்டத்துக்குத் தோட்டம் குழு இருந்தது. அத்தனை நிர்வாகத் திறமையும் ஒரு மூங்கில் பாலத்தைத் தாண்டி ஆற்றங்கரைக்கு வரவில்லை. சுங்கை பாரியின் பெயரைக் கோயிலுக்குச் சொல்கிறோம் என்று பெருமைப்படுகிறவர்களில் எத்தனை பேர் அந்த ஆற்றில் இன்று என்ன மீன் இருக்கிறது என்று சொல்வார்கள்? காவிரிக்கரையையும் வைகைக்கரையையும் விட்டுக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஆறு என்றால் போகக்கூடாத இடம் என்று மட்டுமே சொல்லிக் கொடுத்தாகிவிட்டது. போகாதவன் பார்ப்பதில்லை, பார்க்காதவன் கேட்பதில்லை. மணல் அள்ளினாலும் கழிவு கலந்தாலும் கேட்க ஒரு தமிழ்க்குரல் இல்லாமல் போனதற்கு அந்த ஒரு மாலை மறுக்கப்பட்ட திடலே சாட்சி என்று சொன்னால் மிகை என்பார்கள். மிகையில்லை.

அச்சத்துக்குக் காரணம் உண்டு, அதை யாரும் மறுக்கவில்லை. ஈயக்குட்டையின் கரை ஆற்றங்கரையைப் போல் சாய்ந்து இறங்குவதில்லை. தோண்டிய பள்ளம் என்பதால் இரண்டடி தள்ளி ஆளுயரத்துக்கு மேல் ஆழம் இருக்கும். கரையோரச் சேறு காலை இழுக்கும். அதில் பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பங்கள் கிந்தாப் பள்ளத்தாக்கு எங்கும் உண்டு. ஆனால் தடை போட்டும் பிள்ளைகள் போகத்தான் செய்கிறார்கள், பெரியவர் துணையின்றி, ஒளிந்து. சங்கத்தில் பிள்ளைக்கு முதலில் கற்பிப்பது ஆழம் பார்ப்பது, தனியே போகாதிருப்பது, மிதவைச் சட்டை அணிவது, மேல்மலையில் மழை கறுத்தால் உடனே கரையேறுவது. மீன் அதற்கு அப்புறம்தான்.

வெளிநாட்டில் உட்கார்ந்து புத்தி சொல்வது எளிது என்று ஊரில் ஒரு பேச்சு எழும். அதில் நியாயம் இருக்கிறது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோது, லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது, கோயிலுக்கும் பள்ளிக்கும் நிலம் கேட்டு மனு மேல் மனு கொடுத்தவர்கள் ஊரிலேயே இருந்தவர்கள். புலம் பெயர்ந்தவர்கள் அந்த வரிசையில் நிற்கவில்லை. வாசலையே காப்பாற்றப் போராடியவர்களிடம் ஆற்றையும் காப்பாற்றியிருக்கக் கூடாதா என்று கேட்கும் உரிமை போனவர்களுக்குக் குறைவு. ஆகவே இதைக் கட்டளையாகக் கொள்ளாமல் வேண்டுகோளாகக் கொள்ள வேண்டும்.

ஒரு சங்கம் தொடங்கப் பெரிய முதல் தேவையில்லை. வீச்சுப் பழகப் புல்தரை போதும். பள்ளித் திடல் இல்லாவிட்டால் கோயில் வளாகம், அதுவும் இல்லாவிட்டால் பழைய பிரட்டுக் களம். ஈ கட்ட இறகு பாசாரில் கோழிக்கடையிலேயே கிடைக்கும். பதிவுக்குச் சங்கங்களின் பதிவிலாகா இருக்கிறது. கோயில் கணக்கு எழுதிப் பழகியவர்களுக்கு அந்தப் படிவங்கள் புதிதல்ல. ரோயல் பெலும் போக பேராக் மாநிலப் பூங்காக் கழகத்தின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். முதல் ஆண்டில் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, கம்பார், கோப்பேங் பக்கத்து ஓடைகளில் கல்லைப் புரட்டிப் பூச்சி பார்ப்பதிலிருந்து தொடங்கலாம். மாதம் ஒரு சனிக்கிழமை, பிள்ளைக்கு ஒரு பெரியவர் துணை என்ற விதியோடு. கழிகளும் கயிறுகளும் கிடுக்கிகளும் ஈப்போவில் உறவினர் வீட்டில் கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் சொல்லிக் கொடுக்க அவர் மீண்டும் வருகிறார். திடல் தரக்கூடியவர் யாராக இருந்தாலும், அதற்குள் ஒரு சொல் அனுப்பினால் போதும்.