நிர்வாகியின் கையில் மூன்று அதிகாரங்கள்

இணைய விளையாட்டுக் குழுவின் ‘அட்மின்’, அதாவது உறுப்பினரைச் சேர்க்கவும் பேச்சை முடக்கவும் ‘பேன்’ என்னும் விலக்கை விதிக்கவும் உரிமை பெற்ற நிர்வாகி, காரணம் சொல்லாமலே ஒருவரை வெளியேற்ற முடிவது, விதியை இயற்றுதல், குற்றம் சாட்டுதல், தீர்ப்பளித்தல் ஆகிய மூன்றும் ஒரே கையில் சேர்ந்திருப்பதன் விளைவாகும். எடப்பாடியில் ஒரு கபடிக் கழகம் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு பெற்றிருந்தால், அதன் நிர்வாகத்தை விசாரிக்கப் பதிவாளருக்கு அதிகாரம் உண்டு. அதே ஊர் இளைஞர்கள் டிஸ்கார்ட் செயலியில் அமைக்கும் விளையாட்டுக் குழுவுக்கு அத்தகைய மேற்பார்வை எதுவும் இல்லை. கரூர் வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குழு தொடர்பான வழக்கில் 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, நிர்வாகியாக மட்டுமே இருந்தவரை உறுப்பினர் ஒருவரின் பதிவுக்காகக் குற்றஞ்சாட்டப்பட்டவராக வைத்திருக்கக் கூடாது என்ற நிலையை எடுத்தது. அது மிகச் சரியானதே, ஆயினும் பிறர் பேச்சுக்குப் பொறுப்பேற்க வேண்டாதவர் தம் சொந்த முடிவுக்கும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று அது பொருள்படாது. நிர்வாகிகளின் செயல்களைப் பதியும் தணிக்கைப் பதிவேடு டிஸ்கார்டிலேயே இருப்பதால், விலக்கப்பட்டவருக்குக் காரணத்தை எழுத்தில் தருவதும், விலக்கியவர் அல்லாத வேறொருவர் முறையீட்டைக் கேட்பதும் புதுச் சட்டம் எதற்கும் காத்திராமல் இன்றே தொடங்கக்கூடியவை.