ஆழம் மட்டும் போதுமா?

குட்டீஸ்... விமான நிலையத்தில், 'பீப் பீப்' என ஒலிக்கும் மெட்டல் டிடெக்டரை பார்த்திருப்பீர்கள். இங்கிலாந்தில், இதுபோன்ற கருவியுடன் வயல்களில் பழைய நாணயம் தேடுவது, பலருக்குப் பொழுதுபோக்கு. 'யாருடைய கருவி அதிக ஆழத்தில் கண்டுபிடிக்கும்?' என்பதே அவர்களின் பெரிய போட்டி.

கருவியில் உள்ள கம்பிச்சுருள், மண்ணுக்குள் காந்தப்புலத்தை அனுப்பும். அது, உலோகத்தில் சிறு மின்னோட்டத்தை உண்டாக்கும். அதை உணர்ந்ததும் கருவி ஒலிக்கும்.

சிலர், நாணயத்தைக் கையில் பிடித்து, காற்றிலேயே சோதிப்பர். காற்றில் ஜெயித்த கருவி, இரும்புத் தாது கலந்த மண்ணில் திணறலாம். நாணயம் படுத்திருந்தால் நன்றாக ஒலிக்கும்; செங்குத்தாக நின்றால் ஒலி குறையும். எனவே, ஒரே மண், ஒரே நாணயம், ஒரே ஆழம், ஒரே நிலை என்று வைத்துச் சோதிப்பதே நியாயம். ஒருவனுக்குச் சுலபமான கேள்வி, மற்றவனுக்குக் கடினமான கேள்வி கொடுத்து, மார்க்கை ஒப்பிடலாமா?

ஆழமே எல்லாம் என்பதும் தவறு. 2009ல், டெர்ரி ஹெர்பர்ட் என்பவர், 14 ஆண்டு பழைய கருவியுடன் ஸ்டாஃபோர்டுஷயர் வயலில் தேடினார். உழுததில் மேலே வந்து, மேல்மண்ணில் கிடந்த ஆங்கிலோ-சாக்சன் தங்கப் புதையல் கிடைத்தது. ஒளிக்காமல், உரியவர்களிடம் தெரிவித்தார். அதன் மதிப்பு, 32.85 லட்சம் பவுண்டு!

இனி, எந்தப் பொருளையாவது, 'இதுதான் பெஸ்ட்' என்று யாராவது சொன்னால், உடனே நம்பாதீர்கள். 'எப்படிச் சோதித்தீர்கள்?' என்று கேளுங்கள். என்ன, கேட்பீர்கள்தானே!