அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள்: பாதிக்கப்பட்ட ஊர்களின் கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
சுரங்கத்தை ஒட்டிய ஊர்களின் விவசாயிகள், குடியிருப்போர் சங்கம்,
அரியலூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
அரியலூர்.

பொருள்: சுற்றுச்சூழல் மற்றும் பொது சுகாதாரம் – அரியலூர் மாவட்டம் – சுண்ணாம்புக்கல் சுரங்கங்களை ஒட்டிய கிராமங்கள் – தூசி, நிலத்தடி நீர் இறக்கம், வெடி அதிர்வு, கைவிடப்பட்ட குழிகள் – முறையான அளவீடு, மருத்துவப் பரிசோதனை, நிவாரணம் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

எங்கள் நிலம் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்தது. ஆழ உழுதால் இன்றும் கல்லாகிப் போன சிப்பி கொழுமுனையில் தட்டுப்படும். வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருப்பவற்றை எங்கள் பிள்ளைகள் வரப்போரம் பொறுக்கி விளையாடியிருக்கிறார்கள். அந்தக் கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் சிமெண்ட் ஆலைகள் இங்கே வந்தன.

சுரங்கங்களை மூடச் சொல்லி இந்த மனுவைக் கொண்டுவரவில்லை. எங்கள் வீட்டு இளைஞர்களில் பலர் அங்கேதான் ஒப்பந்தக் கூலிக்குப் போகிறார்கள். எங்கள் வீட்டுச் சுவரும் சிமெண்ட் பூசியதுதான். நாங்கள் கேட்பது வேறு. குழியிலிருந்து ஏறிவரும் ஒவ்வொரு டிப்பரும் எடைமேடையில் நிற்கிறது. கல்லின் எடை பதிவாகிறது. அதன்படி அரசுக்கு ராயல்டி போகிறது. அதே கல்லோடு கிளம்பி வரும் தூசி எவ்வளவு, அதற்காக இறைத்துக் கொட்டிய தண்ணீர் எவ்வளவு, எங்கள் சுவர் எவ்வளவு ஆடியது, எங்களில் எத்தனை பேருக்கு நெஞ்சு கெட்டது என்ற கணக்கு மட்டும் எங்கள் கண்ணில் பட்டதே இல்லை. அளக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எங்கள் ஊருக்குள், எங்கள் முன்னிலையில் அளக்கச் சொல்லுங்கள் என்பதே இம்மனுவின் சாரம்.

தூசி

துளையிடும்போதும் வெடிக்கும்போதும் தூசி எழுந்து சற்று நேரத்தில் அடங்கிவிடுகிறது. காலை முதல் இரவு வரை மண்பாதையில் ஓடும் டிப்பர்கள் கிளப்பும் தூசி அடங்குவதில்லை. தண்ணீர் லாரி வருகிறது. ஆனால் வெயிலில் அரை மணி நேரத்தில் பாதை காய்ந்துவிடுகிறது. தை, மாசியில் பாதையோர வயலில் எடுத்த பருத்தி சாம்பல் பூத்திருக்கும். வியாபாரி அதைத் தனியே ஒதுக்கி விலையைக் குறைக்கிறார். முருங்கைக்கீரையை மூன்று தண்ணீரில் அலசினாலும் வாயில் நறநறக்கிறது.

சுண்ணாம்புக்கல் தூசி கண்ணையும் தொண்டையையும் உறுத்தும். இழுப்பு உள்ளவர்களுக்கு அதைக் கூட்டும். கல்லோடும் மேல்மண்ணோடும் கலந்திருக்கும் சிலிக்கா அதைவிடப் பொல்லாதது. கண்ணுக்குத் தெரியாத அதன் நுண்துகள் நுரையீரலில் தங்கித் தழும்பாக்கிவிடும். சிலிக்கோசிஸ் எனப்படும் இந்நோயைக் குணப்படுத்த மருந்தில்லை. காசநோய் தொற்றும் வாய்ப்பையும் இது கூட்டுகிறது. எங்கள் ஊர்களில் மாதக்கணக்கில் இருமுகிறவர்களுக்குச் சளிப் பரிசோதனை செய்து, காசநோய் இல்லை என்று வந்துவிட்டால் இருமல் மருந்தோடு விஷயம் முடிந்துவிடுகிறது. எத்தனை வருடம், எந்த வேலை பார்த்தீர்கள் என்று கேட்பாரில்லை.

காற்றில் மிதக்கும் 10 மைக்ரானுக்குக் குறைந்த துகள், ஒரு கன மீட்டருக்கு 24 மணி நேரச் சராசரியாக 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது 2009இல் வந்த தேசியக் காற்றுத் தர அளவு. அந்தத் துகள் எங்கள் பள்ளிக்கூட வாசலில் எவ்வளவு என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

தண்ணீர்

சுரங்கம் நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கியதும் நாலாபுறத்து ஊற்றும் குழிக்குள் வடிகிறது. கல் எடுப்பதற்காக அதை மோட்டார் வைத்து இறைக்கிறார்கள். இறைக்க இறைக்கச் சுற்றுவட்டாரக் கிணறுகளின் தண்ணீர் அந்தப் பக்கம் சரிகிறது. எங்கள் உறுப்பினர் ஒருவருடைய கிணற்றில் கமலை ஓட்டிய காலத்துக் கல்தூண் இன்னும் நிற்கிறது. உள்ளே இறங்கும் படிகளில் பழைய நீர்மட்டம் பாசிக்கோடாகத் தெரிகிறது. இன்றைய தண்ணீர் அந்தக் கோட்டுக்கு வெகு கீழே, கிணற்றுக்குள் போட்ட போரில் கிடக்கிறது. வேலை முடிந்து விட்டுப்போன குழியில் மட்டும் சித்திரை வெயிலிலும் பச்சையாகத் தண்ணீர் நிற்கிறது. ஊர்த் தண்ணீர் எங்கே போனது என்று கேட்டால் நாங்கள் அந்தக் குழியைத்தான் காட்ட முடியும்.

மேல்மண்ணை வெட்டிக் குவித்த மேடுகள் ஓடைகளின் போக்கை மாற்றிவிட்டன. ஐப்பசி மழையில் அந்த மண் கரைந்து ஏரிக்குள் இறங்குகிறது. கரைவெட்டி ஏரியில் அமைந்த பறவைகள் சரணாலயம் 2024இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறியபோது மாவட்டமே பெருமைப்பட்டது. அந்த ஏரிக்குக் காட்டும் அக்கறையில் ஒரு பங்கு எங்கள் சிற்றேரிகளின் வரத்து வாரிகளுக்கும் வேண்டும்.

வெடி

சைரன் ஊதியதும் எங்கள் பெண்கள் முதலில் செய்வது, அலமாரித் தட்டில் நிற்கும் கண்ணாடிப் பாட்டில்களைத் தரையில் இறக்கி வைப்பது. ஒரு மூதாட்டி தன் வீட்டுச் சுவரில் விரிசல் முடியும் இடத்தில் கரிக்கட்டியால் குறுக்குக்கோடு போட்டு, பேத்தியை விட்டு தேதி எழுதி வைக்கிறார். விரிசல் கோட்டைத் தாண்டினால் அடுத்த கோடு. அந்தச் சுவரில் இப்போது ஏணிப்படிபோல் கோடுகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. அதிகாரிகள் வந்தால் காட்டுவதற்கு அவரிடம் உள்ள ஒரே ஆவணம் அதுதான்.

சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் 1997ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைப்படி, நிறுவனத்துக்குச் சொந்தமில்லாத குடியிருப்பு வீடுகளில் வெடி அதிர்வு, அதன் அலைவெண்ணைப் பொறுத்து, வினாடிக்கு 5 முதல் 15 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதிர்வு அளவுக்குள்தான் இருக்கிறது என்று நிறுவனத்தார் சொல்கிறார்கள். இருக்கலாம். கருவியை அந்த மூதாட்டியின் வீட்டில் வைத்து அளந்தார்களா என்பதே எங்கள் கேள்வி.

1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள் கல்குவாரிக்கும் குடியிருப்புக்கும் 300 மீட்டர் இடைவெளி கேட்கின்றன. சிமெண்டுக்கான சுண்ணாம்புக்கல் பெருங்கனிமம் என்பதால் அந்த விதி எங்களுக்குத் துணை வருவதில்லை. எந்தக் கனிமத்துக்கு வைத்தாலும் வெடி வெடிதான்.

சாலையும் குழியும்

தார்ப்பாய் போடாத டிப்பர்கள் பள்ளி விடும் நேரத்தில் ஊர்ச் சாலையில் விரைகின்றன. ஒரு டிப்பர் கடந்தால் சைக்கிளில் வரும் மாணவி கண்ணை மூடிக்கொண்டு சாலையை விட்டு இறங்க வேண்டியிருக்கிறது. வேலியில்லாத பழைய குழிகளின் ஓரத்தில் ஆடு மேய்க்கும் சிறுவர்களை நினைத்து, விடுமுறை நாட்களில் தாய்மார்கள் நிம்மதியாகக் களையெடுக்கப் போவதில்லை. மேய்க்கால் நிலம் குறைந்துவிட்டதால்தான் ஆடுகள் குழியோரம் போகின்றன.

கல் எடுத்த நிலத்தில் மீண்டும் புல் வளர்த்து, தீவனத்துக்கும் உயிரினங்களுக்கும் உகந்ததாக்கித் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 8.1.2020 அன்று உத்தரவிட்டது. அது குத்தகைதாரரின் கடமை, அவர் செலவு. எங்கள் பக்கத்துப் பழைய குழிகளில் நாங்கள் காண்பது சீமைக்கருவேலம் மட்டுமே.

பணம்

2014இல் நிர்ணயித்த விகிதப்படி சிமெண்ட் தரச் சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 80 ரூபாய் ராயல்டி. 12.1.2015க்கு முன் வழங்கிய குத்தகை என்றால் அதில் 30 விழுக்காடு, அதாவது டன்னுக்கு 24 ரூபாய், மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குச் சேர வேண்டும். பின்னர் ஏலத்தில் வழங்கியது என்றால் 10 விழுக்காடு, 8 ரூபாய். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களின், பகுதிகளின் நலனுக்காகவே இந்த அறக்கட்டளை என்று 1957ஆம் ஆண்டுக் கனிமச் சட்டத்தின் 9பி பிரிவு சொல்கிறது. இதற்கு மேல், தமிழ்நாட்டின் கனிமவள நில வரிச் சட்டப்படி 2025 ஏப்ரல் முதல் சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய் வரி வருகிறது. ஆகவே பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அந்தப் பணம் குழியை ஒட்டிய ஊருக்கு எந்த வடிவில் வர வேண்டும் என்பதில் எங்களுக்கும் ஒரு சொல் வேண்டும்.

எனவே கீழ்க்காணும் கோரிக்கைகளை நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்:

1. சுரங்கத்தை ஒட்டிய ஒவ்வொரு ஊரிலும் பள்ளி அல்லது அங்கன்வாடி வளாகத்தில் காற்றுத் தரம் அளக்கும் கருவி வைத்து, அன்றன்றைய அளவை ஊராட்சி அலுவலக வாசலில் தமிழில் பலகையில் எழுதிக் காட்ட வேண்டும்.

2. சுரங்கச் சாலைகளில் தூசி எழாத அளவுக்குத் தொடர்ந்து நீர் தெளிக்க வேண்டும். ஊர்ப்புறம் அடர்ந்த மரவரிசை அமைக்க வேண்டும். தார்ப்பாய் போடாத வண்டியை எடைமேடையிலேயே நிறுத்த வேண்டும்.

3. பள்ளி தொடங்கும், விடும் நேரங்களில் ஊர்ச் சாலைகளில் சுரங்க லாரிகள் ஓடத் தடை விதிக்க வேண்டும். ஊருக்கு வெளியே தனிப் பாதை அமைக்கும்படி நிறுவனங்களுக்கு உத்தரவிட வேண்டும்.

4. சுற்றுச்சூழல் அனுமதி நிபந்தனைகளின்படி ஆண்டுக்கு நான்கு முறை எடுக்க வேண்டிய கிணற்று நீர்மட்ட, நீர்த்தர அளவீட்டை ஊராட்சிப் பிரதிநிதி ஒருவர் முன்னிலையில் எடுக்க வேண்டும். குடிநீரின் கடினத்தன்மை இந்தியத் தர நிர்ணயத்தில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாவிட்டால் உச்ச வரம்பு 600. அதைத் தாண்டும் ஊர்களுக்குக் கூட்டுக் குடிநீர் தர வேண்டும்.

5. குழியிலிருந்து இறைக்கும் தண்ணீரைத் தெளியவைத்து, பரிசோதித்து, அருகிலுள்ள ஏரிக்கும் பாசனத்துக்கும் விட வேண்டும். நீர் இறங்கிப்போன கிணறுகளுக்கு இழப்பீடு வழங்க வேண்டும். மண்மேடுகள் மறித்த ஓடைகளை வருவாய்த்துறை வரைபடத்தின்படி அளந்து மீட்க வேண்டும்.

6. வெடி அதிர்வை ஊரின் கடைசி வீட்டில் கருவி வைத்து அளக்க வேண்டும். வெடி நேரத்தை முன்கூட்டியே அறிவித்து, மாற்றாமல் கடைப்பிடிக்க வேண்டும். விரிசல் கண்ட வீடுகளைப் பொதுப்பணித்துறைப் பொறியாளர் குழு ஆய்வு செய்து நிவாரணம் தர வேண்டும். புதிய, புதுப்பிக்கும் குத்தகைகளில் குடியிருப்பிலிருந்து குறைந்தது 300 மீட்டர் இடைவெளியை நிபந்தனையாக்க அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

7. ஆண்டுதோறும் ஒவ்வோர் ஊரிலும் மார்பு எக்ஸ்ரே, நுரையீரல் செயல்திறன் சோதனையுடன் மருத்துவ முகாம் நடத்த வேண்டும். அதில் தொழில் விவரத்தைக் கேட்டுப் பதிய வேண்டும்.

8. 1955ஆம் ஆண்டின் சுரங்க விதிகள் 5 ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயமாக்கிய மருத்துவப் பரிசோதனை, ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் நடந்திருக்கிறதா என்று தணிக்கை செய்து, அறிக்கை நகலைத் தொழிலாளியின் கையில் கொடுக்க வேண்டும். ராஜஸ்தான் அரசு 2019இல் சிலிக்கோசிஸ் நோயாளிகளுக்கான கொள்கையைக் கொண்டுவந்ததுபோல் தமிழ்நாட்டிலும் கொண்டுவர அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

9. கைவிடப்பட்ட குழிகளைக் கணக்கெடுத்து வேலியிட்டு எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். சுரங்க மூடல் திட்டத்தின்படியும் உச்ச நீதிமன்ற உத்தரவின்படியும் மேய்ச்சல் நிலமாகவோ நீர்த்தேக்கமாகவோ மாற்றி ஊராட்சியிடம் ஒப்படைக்கக் காலவரையறை விதிக்க வேண்டும்.

10. ஒவ்வொரு சூன் 1, டிசம்பர் 1 அன்றும் நிறுவனங்கள் தர வேண்டிய அரையாண்டு நிபந்தனை நிறைவேற்ற அறிக்கையையும், கனிம அறக்கட்டளையின் வரவு செலவையும் தமிழில் அச்சிட்டு, அடுத்து வரும் கிராம சபைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். அறக்கட்டளை நிதியில் எங்கள் ஊருக்கான பணிகளைக் கிராம சபை தீர்மானத்தின்படியே தேர்வு செய்ய வேண்டும்.

இவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே சட்டத்திலும் அனுமதி நிபந்தனைகளிலும் உள்ளவை. புதிதாக நாங்கள் கேட்பது, அளக்கும்போது எங்களையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள் என்பதும், அளந்ததை எங்களுக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள் என்பதும்தான். நாங்கள் சொல்வது மிகை என்று அளவு காட்டினால் ஏற்றுக்கொள்கிறோம். உண்மை என்று காட்டினால் அரசு நடவடிக்கை எடுக்கட்டும்.

தாங்கள் முன்னறிவிப்பின்றி ஒரு வேலை நாளில், வெடி வைக்கும் நேரத்துக்குச் சற்று முன்னால், எங்கள் ஊருக்கு வருகை தருமாறு பணிவுடன் அழைக்கிறோம். கரிக்கோடு போட்ட அந்தச் சுவருக்கு எதிரே நாற்காலி போட்டு வைத்திருப்போம்.



இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்.

இடம்: அரியலூர்
நாள்:

இணைப்பு: ஊர்வாரிக் கையொப்பப் படிவங்கள், வீட்டு விரிசல்களின் புகைப்படங்கள்.

நகல்:
மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்
புவியியல் மற்றும் சுரங்கத்துறை, அரியலூர்
மாவட்டச் சுகாதார அலுவலர்
சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம், சென்னை
இந்தியச் சுரங்கப் பணியகம், சென்னை