21 வயதில் அந்நியராகும் பிள்ளைகள்

அமெரிக்காவுடன் இந்தியா நடத்தும் பேச்சுகளில் எச்1பி விசாக்களின் எண்ணிக்கையும் கட்டணமுமே முன்னால் வந்து நின்றுவிடுகின்றன. அந்த விசாவில் சென்றவர்களின் பிள்ளைகளுக்கு 21 வயது நிறையும் நாளில் என்ன நேர்கிறது என்பது அநேகமாகப் பேசப்படுவதே இல்லை.

எச்1பி ஊழியரின் பிள்ளை எச்4 என்ற சார்பு விசாவில் வளர்கிறது. 21 வயதானதும் சட்டத்தின் பார்வையில் அது 'குழந்தை' அல்ல; சார்பு விசாவும் அன்றோடு முடிகிறது. வெளியேறாமல் இருக்கப் பெரும்பாலோருக்கு உள்ள வழி எஃப்1 மாணவர் விசாவுக்கு மாறுவதே. முழுநேரப் படிப்பில் சேர வேண்டும். செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். அந்நாட்டு மத்திய அரசின் கல்வி உதவி கிடையாது. போதாக்குறைக்கு, படித்து முடித்ததும் தாய்நாடு திரும்பும் எண்ணம் உண்டென்றும் மெய்ப்பிக்க வேண்டும். நான்கு வயதில் சென்னையிலிருந்தோ ஹைதராபாதிலிருந்தோ சென்றவர் எந்த வீட்டுக்குத் திரும்புவதாகச் சொல்வார்? அங்கேயே நிரந்தரமாகத் தங்க அவருடைய பெற்றோர் கொடுத்த மனுவோ அதே அரசின் அலுவலகத்தில் காத்துக் கிடக்கிறது.

இந்தக் காத்திருப்புதான் சிக்கலின் வேர். வேலை அடிப்படையிலான கிரீன் கார்டுகள் ஆண்டுக்குச் சுமார் 1,40,000. ஒரு நாட்டவருக்கு 7 சதவீதம் என்பது உச்சவரம்பு. 2025 டிசம்பரில் இந்தியர்களின் இரண்டாம், மூன்றாம் முன்னுரிமைப் பிரிவுகளில் 2013-ஆம் ஆண்டு மனுக்களுக்கே முறை வந்திருந்தது. தந்தை மனுச் செய்தபோது 9 வயதாக இருந்த சிறுமி அதற்குள் 21-ஐத் தொட்டுவிட்டாள். 2002-இல் இயற்றப்பட்ட குழந்தை நிலைப் பாதுகாப்புச் சட்டம், மனு பரிசீலனையில் இருந்த காலத்தை மட்டுமே வயதிலிருந்து கழிக்கிறது. வரிசையில் கழிந்த ஆண்டுகளை அல்ல. வயதைக் கணக்கிடுவதில் 2023 பிப்ரவரியில் காட்டப்பட்ட சிறு சலுகையும் 2025 ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டது. 2012-இல் ஒபாமா அரசு அளித்த பாதுகாப்போ, உரிய ஆவணமின்றி இருந்தவர்களுக்கு மட்டுமே. சட்டப்படி வந்ததே இவர்களுக்குக் குறையாகிவிட்டது!

எவரைத் தங்கவிடுவது என்று தீர்மானிக்கும் உரிமை அமெரிக்காவுக்கு உண்டு. அதில் தகராறு இல்லை. ஆனால், தங்குவதற்காகவே படித்தாக வேண்டும் என்றால் படிப்பு வெறும் ரசீதாகிவிடும். உடல்நலமின்றி ஒரு பருவம் கல்லூரியிலிருந்து விலகுவதற்குக்கூட முன் அனுமதி வேண்டும்.

வேறு விதமாகவும் விதி செய்யலாம். நம் மத்திய அரசின் குடும்ப ஓய்வூதியம், மணமாகாத, வருவாயில்லாத பிள்ளைக்கு 25 வயது வரை உண்டு. படிக்கிறார் என்ற நிபந்தனை இல்லை. ஐக்கிய அரபு அமீரகமும் 2022-இல் மகன்களுக்கான வயது வரம்பை 25 ஆக உயர்த்தியது.

மனுச் செய்த நாளின் வயதையே கடைசிவரை கணக்கில் கொள்ள வேண்டும் என்ற மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்தில் 2021-இலும் 2023-இலும் இரு கட்சியினரின் ஆதரவோடு வந்தது. இரு முறையும் நிறைவேறவில்லை. இப்பிள்ளைகளில் பலர் இன்னும் இந்தியக் குடிமக்கள். அமெரிக்காவுடனான தூதரகப் பேச்சில் வெளியுறவு அமைச்சகம் இந்த ஒரு திருத்தத்தையாவது வலியுறுத்த வேண்டும். எச்1பி பற்றிக் கேள்வி எழுப்பும் நமது உறுப்பினர்கள், பிள்ளைகளைப் பற்றியும் ஒரு துணைக் கேள்வி கேட்கலாமே.