டிராமை நிறுத்துவது யாருக்காக?

1902 முதல் மின்சாரத்தில் ஓடிவரும் கொல்கத்தா டிராமை, மைதானம்–எஸ்பிளனேடு தடம் நீங்கலாக நிறுத்தப்போவதாக 2024 செப்டம்பரில் மாநில அரசு அறிவித்தது. காரணம் நெரிசலாம்! நெரிசலை உண்டாக்கும் கார்களுக்கோ தடையில்லை.

டீசல் புகை புற்றுநோய் விளைவிக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இலேயே அறிவித்துவிட்டது. அதன் நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை சென்று, இதயத்தையும் தாக்குகின்றன. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காரில் செல்வோரைவிட, நாள் முழுதும் தெருவில் நிற்கும் நடைபாதை வியாபாரியும் கைரிக்‌ஷா இழுப்பவரும் போக்குவரத்துக் காவலருமே அப்புகையை மிகுதியாகச் சுவாசிக்கின்றனர்.

டிராமுக்கான மின்சாரமும் நிலக்கரியிலிருந்துதானே வருகிறது என்பர். உண்மைதான், பட்ஜ்பட்ஜ் அனல்மின் நிலையத்தைச் சுற்றி வாழ்வோருக்கும் நுரையீரல் உண்டு. எனவே டிராம் தடங்களை மீட்கக் கோரும் இயக்கம், நிலக்கரித் தொழிலாளரின் வேலைக்கு உத்தரவாதம் அளித்து மின்னுற்பத்தியை மாற்றவும் சேர்த்தே போராட வேண்டும்.