விரலுக்கும் பார்வை உண்டு

அண்மைக் காலத்தில் நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் புதிய கார்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. அல்சூராயினும் ஜலஹள்ளியாயினும் ஒயிட்பீல்டாயினும் முறை ஒன்றுதான். வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். அதன்பின் அண்டை வீட்டார்க்குப் பெருமையோடு காட்டப்படுவது எஞ்ஜின் அன்று. முன்பலகையின் நடுவே ஒளிரும் தொடுதிரையே. முன்னாளில் அவ்விடத்தில் குமிழ்களும் பொத்தான்களும் வரிசையாக இருந்தன. ஒன்றைத் திருகினால் குளிர்காற்று வரும். ஒன்றை அழுத்தினால் ரேடியோ பாடும். இன்று பல வண்டிகளில் அவை மறைந்துபோய், வழவழப்பான கண்ணாடி ஒன்றே அத்தனை வேலைகளுக்கும் வாயிலாக நிற்கிறது. இம்மாற்றம் முன்னேற்றந்தானா என்பதை இத்திங்கள் சற்று ஆராய்வோம்.

விரல் நுனிக்கும் ஒருவகைப் பார்வை உண்டு. நள்ளிரவில் குழந்தைக்குப் பால் காய்ச்ச எழுந்திருக்கும் தாய், இருட்டிலே சுவரைத் தடவி விளக்கைப் போடுகிறாள். கண் குழந்தையின் மேல் இருக்க, அவள் கை அடுப்பின் குமிழைத் திருகித் தீயைக் குறைக்கிறது. ஆர்மோனியம் வாசிப்பவர் ஒவ்வொரு கட்டையையும் பார்த்துப் பார்த்தா வாசிக்கிறார்? மேடு, பள்ளம், வடிவம், இருக்கும் இடம் ஆகியவற்றைக் கை நினைவில் வைத்துக்கொள்கிறது. பழைய காரில் சாரதியின் இடக்கை செய்ததும் அதுவே. கண் சாலையை விட்டு அகலாதிருக்க, கை தானே சென்று குமிழைப் பற்றியது. "டக்" என்ற சிறு ஒலியும் அசைவும் காரியம் முடிந்தது என்று அறிவித்தன.

கண்ணாடித் திரைக்கு மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. எங்கே தொட்டாலும் ஒரே வழவழப்பு. ஆதலால் விரல் வழி தெரியாமல் திகைத்துக் கண்ணைத் துணைக்கு அழைக்கிறது. தொட்டது பதிந்ததா என்று அறியவும் மீண்டும் கண்ணே வரவேண்டும். போதாக்குறைக்கு, ஒரு திரைக்குள் பல திரைகள்! ஏ.ஸி.யின் பக்கத்தைத் திறந்து, அதற்குள் மற்றொரு பக்கத்தைத் திறந்து, அதன்பின்னரே முன்கண்ணாடியின் மூடுபனியை அகற்றும் வழியைக் காணும் வண்டிகளும் உள்ளன. நம் ஊரின் மாலை மழையோ இதற்கெல்லாம் காத்திருப்பதில்லை. நொடியில் கண்ணாடி மங்கிவிடுகிறது.

இத்திரை இயங்கும் விதத்தையும் சிறிது அறிந்துகொள்வது நலம். கண்ணாடியின்மேல் மின்சாரம் கடத்தக்க, ஒளி ஊடுருவும் மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. விரல் படும் இடத்தில் மின்னோட்ட நிலை சிறிது மாறுகிறது. அந்த மாற்றத்தைக் கொண்டு விரல் எங்கே பட்டது என்பதைக் கருவி கணக்கிடுகிறது. இங்கிலாந்தில் மால்வெர்ன் என்னும் ஊரிலிருந்த ராயல் ராடார் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய இ. ஏ. ஜான்ஸன் என்பவர் 1965-ஆம் ஆண்டிலேயே தொடுதிரையைப் பற்றி எழுதினார். 1986-இல் அமெரிக்காவின் பியூக் ரிவியரா காரில் தொடுதிரை இடம்பெற்றது. 2012-இல் வெளிவந்த டெஸ்லா மாடல் எஸ் கார் 17 அங்குலத் திரையைத் தாங்கி வந்தது. பிற கம்பெனிகள் பலவும் அவ்வழியைப் பின்பற்றலாயின.

காரணம் அழகு மட்டும் அன்று, கணக்கும் உண்டு. பொத்தான் ஒவ்வொன்றுக்கும் ஓர் அச்சு வேண்டும், கம்பி வேண்டும், பொருத்த ஆள் வேண்டும். திரை ஒன்று போதுமானால் அச்செலவுகள் குறைகின்றன. வண்டி விற்றுப்போன பின்னும் மென்பொருளை மாற்றிப் புது வசதிகளைச் சேர்க்கலாம் என்பது மற்றோர் ஆதாயம்.

இக்கதையில் பெங்களூருக்கும் தனி இடம் உண்டு. மின்சாரத்தால் ஓடும் ரேவா என்னும் சிறு கார் 2001-இல் இந்நகரத்திலிருந்தே வெளிவந்தது. 2010-இல் மஹீந்திரா கம்பெனி அந்நிறுவனத்தைத் தன்வசமாக்கிக்கொண்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் என்னும் இளைஞர் இருவர் தொடங்கிய ஏதர் நிறுவனம், 2018-இல் இந்நகரத்தில்தான் 7 அங்குலத் தொடுதிரை பொருத்திய மின்சார ஸ்கூட்டரை விற்கத் தொடங்கியது. பின்னர் அதன் தொழிற்சாலை எல்லை தாண்டி நம் ஓசூரில் அமைந்தது. மெர்சிடிஸ்-பென்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சி நிலையம் 1996 முதல் இங்கு நடந்துவருகிறது. உலகத்துக் கார்களுக்கான மென்பொருளை எழுதும் கைகள் பல இந்நகரத்தில் உள்ளன. அவற்றுள் நம் வீட்டுப் பிள்ளைகளின் கைகளும் அடக்கம். ஆகவே இது எங்கோ நடக்கும் விவகாரம் என்று நாம் ஒதுங்கியிருப்பதற்கில்லை.

பொத்தானா, திரையா என்பதை வெறும் வாதமாக விட்டுவிடாமல் அளந்து பார்த்தவர்களும் உண்டு. ஸ்வீடன் நாட்டின் "வி பில்அகாரே" என்னும் மோட்டார் பத்திரிகை 2022-இல் ஒரு சோதனை நடத்தியது. புதிய கார்கள் 11. அவற்றோடு ஒப்பிட, பொத்தான்கள் நிறைந்த 2005-ஆம் ஆண்டு வால்வோ வி70 ஒன்று. ரேடியோவைக் குறித்த நிலையத்துக்குத் திருப்புதல், வெப்பத்தைக் கூட்டுதல் போன்ற எளிய வேலைகள் தரப்பட்டன. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியைச் செலுத்திக்கொண்டே அவற்றைச் செய்ய வேண்டும். வண்டியைப் பழகிக்கொள்ளச் சாரதிகளுக்கு முன்னதாகவே நேரமும் அளிக்கப்பட்டது. பழைய வால்வோவில் அத்தனையும் 10 விநாடியில் முடிந்தன. அதற்குள் வண்டி 306 மீட்டர் சென்றிருந்தது. டெஸ்லா மாடல் 3 காரில் 23.5 விநாடி பிடித்தது. எம்.ஜி. மார்வெல் ஆர் என்னும் காரிலோ 44.9 விநாடி, அதற்குள் வண்டி கடந்த தூரம் 1,372 மீட்டர்! பதினேழு வயதான கிழவண்டி புத்தம்புது வண்டிகளை வென்றுவிட்டது.

இக்கணக்கை நம் சாலையில் வைத்துப் பார்ப்போம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நம்மில் எத்தனையோ பேர் இரவோடிரவாக ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகச் சேலத்துக்கும் அதற்கு அப்பாலும் செல்கிறோம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் பாய்கிறது. சாரதி ஒருமுறை பார்வையை அகற்றினால் அது 2 விநாடிக்கு மேற்படலாகாது என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை 2013-இல் வகுத்த நெறி கூறுகிறது. அந்த 2 விநாடியிலேயே 44 மீட்டர் கடந்துபோகும். அது மூன்று பெரிய பஸ்களின் நீளத்துக்கும் மேல். லாரிகள் திணறி இறங்கும் தொப்பூர்க் கணவாயில் இத்தனை தூரத்தைக் கண்மூடிக் கடக்க யார் துணிவார்? 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் மாண்டவர் தொகை 1,68,491. இவையனைத்தும் திரையால் நேர்ந்தவை அல்ல. ஆயினும் கவனக்குறைவுக்கு மேலும் ஒரு வாயிலைத் திறந்துவைக்கத் தக்க நாடு அன்று நம் நாடு.

கடலிலும் இப்பாடம் கற்பிக்கப்பட்டது. அதற்குக் கொடுத்த விலை பெரிது. 2017 ஆகஸ்டு 21-ஆம் நாள் விடியற்காலை, நம் உறவினர் பலர் வாழும் சிங்கப்பூருக்கு அருகே, ஜான் எஸ். மெக்கெயின் என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் எண்ணெய்க் கப்பல் ஒன்றுடன் மோதியது. மாலுமிகள் 10 பேர் உயிரிழந்தனர். அக்கப்பலில் சுக்கானும் வேகமும் தொடுதிரை வழியே ஆளப்பட்டன. வேகத்தை ஆளும் பொறுப்பை மட்டும் மற்றோர் இருக்கைக்கு மாற்ற முயன்றபோது, சுக்கானும் அறியாமல் கைமாறிவிட்டது. சுக்கான் பிடித்தவர் அது பழுதுபட்டது என்றே எண்ணினார். வேகத்தைக் குறைக்க முற்பட்டபோது இரு சுழலிகளில் ஒன்று மட்டுமே குறைந்து, கப்பல் திரும்பிவிட்டது. பயிற்சிக் குறைவும் மேற்பார்வைக் குறைவும் பெருங்காரணங்கள் என்று விசாரணை கூறிற்று. திரையின் அமைப்பும் தப்பவில்லை. 2019-இல் அமெரிக்கக் கடற்படை, அவ்வகைக் கப்பல்களில் கையால் பற்றித் தள்ளும் பழைய நெம்புகோல்களையே மீண்டும் பொருத்தப்போவதாக அறிவித்தது.

கார் உலகமும் இப்போது திரும்பிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறது. ஜெர்மனியில் ஒருவர் பலத்த மழையில் வைப்பரின் வேகத்தைத் திரையில் மாற்ற முயன்று, சாலையை விட்டு விலகி மரங்களில் மோதினார். காரில் பொருத்திய திரையும் சட்டத்தின் கண்ணில் செல்பேசி போன்ற மின்கருவியே என்று கார்ல்ஸ்ரூ நகரத்து உயர் மன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது; அவருக்கு 200 யூரோ அபராதமும் ஒரு மாத ஓட்டுத் தடையும் உறுதியாயின. நம் நாட்டில் 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் கையில் பிடிக்கும் செல்பேசியைக் கண்டிக்கிறது. வண்டியோடு பிறந்த திரையைப் பற்றி அவ்வாறு பேசவில்லை. வோக்ஸ்வாகன் கம்பெனியின் வடிவமைப்புத் தலைவர் 2025-இல், ஒலி அளவு, இருபுறத்து வெப்பம், விசிறி, அபாய விளக்கு ஆகியவற்றுக்கு இனி உண்மைப் பொத்தான்களே இருக்கும் என்று கூறினார். ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பை அளந்து நட்சத்திரம் வழங்கும் யூரோ என்கேப் அமைப்பு, ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர், அபாய விளக்கு, அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் கையால் உணரத்தக்க விசைகள் இருந்தாலன்றி முழு மதிப்பெண் இல்லை என்று 2026 முதல் விதித்திருக்கிறது. நம் நாட்டிலும் 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் நடைமுறையில் உள்ளது. மோதலின்போது உள்ளிருப்போர்க்குக் கிடைக்கும் பாதுகாப்பையே அது முதன்மையாக அளக்கிறது. மோதாமல் காக்கும் பொத்தான்களையும் அது கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டுமென்பது நம் வேண்டுகோள்.

பொத்தானின் அருமையை உணர நாம் வெகுதொலைவு போகவேண்டுவதில்லை. நம்மவர் பலர் உழைத்து ஓய்வுபெற்ற ஜலஹள்ளி பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1954-இல் தோன்றியது. நாட்டின் வாக்குப்பதிவு இயந்திரங்களைச் செய்யும் இரு நிறுவனங்களுள் அதுவும் ஒன்று. அவ்வியந்திரத்தில் வாக்காளர் தொடுவது திரையை அன்று, நீலப் பொத்தானை. அழுத்தியதும் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது. "பீப்" என்று ஒலி எழுகிறது. பார்வையற்றோர் தடவி அறியப் பிரெய்ல் எண்களும் உண்டு. எழுத்தறியாத மூதாட்டியும் ஐயமின்றித் தம் உரிமையைச் செலுத்திவிட்டுத் திரும்புகிறார். குடியாட்சியின் தலையாய காரியத்துக்குப் போதுமான பொத்தான், ஒரு காரின் விசிறிக்குப் பழம்பொருளாகிவிடுமா?

இவ்வளவும் சொல்வதனால் திரையே வேண்டா என்பது கருத்தன்று. வழி காட்டும் படத்துக்குத் திரையே ஏற்றது. வண்டியைப் பின்னோக்கி எடுக்கையில் பின்னால் விளையாடும் குழந்தையைக் காட்டும் காமிராவுக்கும் திரை இன்றியமையாதது. பார்ப்பதற்கு உரியது திரையில் இருக்கட்டும்; ஓடும்போது செய்வதற்கு உரியது விரலுக்கு எட்டும் விசையில் இருக்கட்டும் என்பதே நாம் வேண்டும் எல்லை.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. நம் வீடுகளில் வண்டியை ஓட்டுபவர் ஒருவர் அல்லர். மகன் வாங்கிய காரை அறுபது கடந்த தந்தையார் ஓட்டுகிறார். நெடும்பயணத்துக்கு ஒரு நாள் கூலிக்கு டிரைவரை அமர்த்திக்கொள்கிறோம். நம்மவருள்ளும் அத்தொழிலால் குடும்பம் காப்போர் பலர். வைப்பரின் தண்டும் அபாய விளக்கின் முக்கோணப் பொத்தானும் எவ்வண்டியிலும் ஏறத்தாழ ஒன்றே; ஒருமுறை கற்றால் எங்கும் உதவும். திரையின் அமைப்போ கம்பெனிக்குக் கம்பெனி வேறு. மென்பொருள் மாறினால் ஒரே வண்டியிலும் நேற்றைக்கு ஒன்று, இன்றைக்கு ஒன்று. அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். முன்பின் அறியாத அந்த வண்டியில் நம் மனைவி மக்களை ஏற்றிச் செல்லும் டிரைவர், நள்ளிரவு மழையில் எந்தப் பக்கத்தைத் தேடுவார்?

ஆகவே கார் வாங்கப் போகும் அன்பர்கள் கடையிலேயே ஒரு சிறு சோதனை செய்து பார்க்கவேண்டும். இருக்கையில் அமர்ந்து ஐந்து நிமிடம் பழகியபின் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வைப்பர், அபாய விளக்கு, முன்கண்ணாடியின் மூடுபனி நீக்கி, ஏ.ஸி.யின் குளிர், பாட்டின் ஒலி ஆகிய ஐந்தையும் கையாலேயே கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் விற்பனையாளரிடம் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். வாங்குவோர் கேட்பதையே கம்பெனிகள் கேட்கும். ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள், புறப்படுமுன் வழியையும் பாட்டையும் திரையில் அமைத்துவிடுங்கள். ஓடும்போது அப்பொறுப்பைப் பக்கத்தில் அமர்ந்தவரிடம் விட்டுவிடுங்கள். தனியே செல்வோர் வண்டியை ஓரமாக நிறுத்தித் தொடுங்கள்.

மென்பொருள் எழுதும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். நீங்கள் அமைக்கும் திரையை உங்கள் மேசையில் வைத்து மட்டும் சோதிக்காதீர்கள். மழை இரவில், கணவாயின் இறக்கத்தில், எதிரே லாரி வரும்போது உங்கள் தந்தையார் அதைத் தொடுவதாக எண்ணிப் பாருங்கள். எதைத் திரையில் வைப்பது, எதைப் பொத்தானுக்கு விடுவது என்பது அப்போது உங்களுக்கே விளங்கும்.