முடிவை முதலில் சொல்கிறவர்கள்

எதிர்வீட்டுப் பெண் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஒருநாள் ஆங்கிலப் புத்தகத்தோடு என்னிடம் வந்தாள். ஓ. ஹென்றி 1905-இல் எழுதிய ‘தி கிஃப்ட் ஆஃப் தி மேகி’ என்ற கதை அவளுக்குப் பாடமாம். கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு ஏக சந்தோஷம்.

“கதை எப்படியம்மா இருந்தது?” என்று கேட்டேன்.

“கதை படிக்கவில்லை, மாமா. கேள்வி பதில் தெரியும்” என்றாள். ஒப்பித்தும் காட்டினாள். ஓர் எழுத்துப் பிசகவில்லை.

வகுப்பில் நடந்தது இதுதான். ‘மனைவி கூந்தலை விற்றுக் கணவன் கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்குகிறாள், கணவன் கடிகாரத்தை விற்று அவள் கூந்தலுக்குச் சீப்பு வாங்குகிறான்’ என்று ஆசிரியை முதலிலேயே கரும்பலகையில் எழுதிவிட்டார். பிறகு வரிக்கு வரி தமிழ். இதற்குப் பின் அந்தக் கதையை எந்தக் குழந்தை ஐயா படிக்கும்?

ஆசிரியைமேல் எனக்குக் கோபமில்லை. ஐம்பது பிள்ளைகளையும் முடிக்க வேண்டிய போர்ஷனையும் வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? பாடக் குறிப்பு என்று ஒரு நோட்டில் கட்டம் போட்டு, நோக்கம், உபகரணம், மதிப்பீடு என்று நிரப்பிக் கையெழுத்தாகிவிட்டால் பாடம் தயார் என்று நினைக்கிறார்களே, அவர்கள்மேல்தான் கோபம்.

வீட்டில் ஆங்கிலம் காதில் விழாத பிள்ளைக்குப் பாடம் தயாரிப்பதென்றால், எதைச் சொல்வது, எதைச் சொல்லாமலிருப்பது என்று முன்கூட்டித் தீர்மானிப்பதுதான். சட்டைப்பைக் கடிகாரத்துக்குச் சங்கிலி உண்டென்பது இன்றைய குழந்தைக்குத் தெரியாது. அது தெரியாவிட்டால் கதையே விளங்காது. ஒரு படம் வரைந்து காட்டிவிடலாம். ஏழெட்டு வார்த்தைகளுக்கு அர்த்தம் சொல்லலாம். மேகி யார் என்பது கடைசிப் பாராவரை காத்திருக்கலாம். ஆனால், டெல்லா கூந்தலை விற்றுவிட்டு வீடு திரும்பியதும் புத்தகத்தை மூடச் சொல்லி, “ஜிம் வந்து பார்த்தால் என்ன சொல்வான்?” என்று கேட்க வேண்டும். பிள்ளைகள் தமிழிலேயே பதில் சொல்லட்டுமே! பிறகு இரண்டிரண்டு பேராக மிச்சத்தை அவர்களே படிக்கட்டும். தாங்கள் ஊகித்தது சரிதானா என்று பார்க்கிற ஆவலில், தெரியாத வார்த்தையைத் தாண்டிக்கொண்டு ஓடுவார்கள்.

தமிழில் பேசினால் அபராதம் போடும் கனவான்களுக்கு இது பிடிக்காது. யோசிக்கிற பாஷையைப் பூட்டிவிட்டு, வாயைத் திற என்றால் குழந்தை எதைச் சொல்லும்?

இது என் கண்டுபிடிப்பும் அல்ல. 1920-களில் டாக்காவில் இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காளப் பிள்ளைகளுக்கு முதலில் வேண்டியது வாசிக்கும் திறமை என்று வாதாடி, எளிய சொற்களால் வாசகப் புத்தகங்கள் தயாரித்தார். 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் வைத்து ஆங்கிலம் நடத்திப் பார்த்தார். ஒரு புதிரை வகுப்போடு சேர்ந்து விடுவிப்பது, அதேபோல் இன்னொன்றைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுவது, அவ்வளவுதான். நம் ஊரில் நடந்த சங்கதி!

மார்க் வருகிறதே என்பார்கள். நானும் வாங்கினவன்தான். இண்டர்மீடியட்டில் ஓர் ஆங்கில நாவலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தேறினேன். அந்த நாவலைப் படித்தது முப்பத்தைந்தாம் வயதில். வீட்டில் ஆங்கிலம் புழங்கும் பிள்ளை எப்படியும் படித்துக்கொள்ளும். எதிர்வீட்டுப் பெண்ணின் அப்பா லாரி ஓட்டுகிறவர். “எனக்கு இங்கிலீஷ் வராது, மாமா” என்று பதின்மூன்று வயதில் அவள் தீர்ப்பெழுதிக்கொண்டுவிட்டாள்.

அதே ஓ. ஹென்றியின் ‘தி லாஸ்ட் லீஃப்’ கதையை அவளோடு பாதிவரை படித்தேன். ஜன்னலுக்கு வெளியே கொடியில் ஒரே ஓர் இலை மிச்சமிருக்கும் இடத்தில் புத்தகத்தை அவள் கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன். ராத்திரி ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டினாள்.

“அந்த இலை விழுந்ததா, இல்லையா மாமா? சொல்லுங்களேன்!”

நான் சொல்லவில்லை.